தரவின் மேல் பழி போடாதீர்கள்: எங்கள் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

பிள்ளைகளுக்கான சனிக்கிழமைத் தமிழ் வாசிப்பு வகுப்பை இம்மாத இறுதியோடு நிறுத்தப்போவதாக நீங்கள் வெளியிட்ட மூன்று பக்க அறிக்கை எனக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகளாக அந்த வகுப்பை நடத்துகிறவளை ஒரு முறை கைப்பேசியில் அழைத்துச் சொல்லியிருக்கலாம். அது தனி வருத்தம், அதை இங்கே இழுக்கவில்லை.

வகுப்பை மூட உங்களுக்கு உரிமை உண்டு. அறை சங்கத்துடையது, மின்கட்டணமும் சங்கம் கட்டுவது. "பணம் போதவில்லை" என்றோ "செயற்குழுவுக்கு இதில் ஈடுபாடு இல்லை" என்றோ எழுதியிருந்தால் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்திருப்பேன். நீங்கள் எழுதியது வேறு. "ஆய்வு நடத்தினோம். வகுப்பு தேவையில்லை என்பதைத் தரவு தெளிவாகக் காட்டுகிறது" என்று எழுதினீர்கள். முடிவை நீங்கள் எடுத்துவிட்டு அதன் பொறுப்பை எண்களின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் இந்த மடல்.

நான் பட்டம் வாங்கிய புள்ளியியல் நிபுணர் அல்ல. ஓய்வு பெறும்வரை 17 ஆண்டுகள் சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக் புளோக்காக ஏறி இறங்கிக் கேள்வித்தாள் நிரப்பியவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பயிற்சி கொடுத்தார்கள். யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமோ அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்தது முழுத்தொகுதி. அதிலிருந்து நாம் போய்ப் பார்க்கிற சிலர் மாதிரி. சிலரைப் பார்த்துவிட்டு எல்லோரையும் பற்றிப் பேசப்போகிறோம் என்றால், அந்தச் சிலரைத் தேர்ந்தெடுப்பதில் நம் வசதிக்கும் இடமில்லை, அவர்கள் விருப்பத்துக்கும் இடமில்லை. அரை நாளில் முடிந்த பாடம். அதைக் கடைப்பிடிக்கத்தான் 17 ஆண்டு பாடு.

உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். 212 பேர் விடையளித்தார்கள், பத்தில் எட்டுப் பேர் வகுப்பு வேண்டாம் என்றார்கள் என்கிறது அறிக்கை. அந்த 212 பேர் எங்கே கிடைத்தார்கள்? குடும்ப தின விழாவின் வாசலில் போட்ட மேசையில். அங்கே ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வருடினால் படிவம் திறக்கும். விழா நடந்தது ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு முதல் ஏழு வரை. எங்கள் வகுப்பு சனிக்கிழமை நான்கரை முதல் ஆறரை வரை. அன்றைக்கும் நடந்தது. வகுப்பு வேண்டும் என்று சொல்லக்கூடிய பெற்றோர் அந்த நேரம் எங்கள் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தேக்கா சந்தையில் மீன் கடை வரிசையில் நின்றுகொண்டு, இந்த ஊரில் சைவம் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்திருக்கிறீர்கள்.

படிவம் நிரப்பியவர்களுக்கு அதிர்ஷ்டக் குலுக்கல், பரிசு பேரங்காடிப் பற்றுச்சீட்டு. எங்கள் மாடியில் ஒரு பையன், உயர்நிலை இரண்டில் படிக்கிறான். நான்கு முறை நிரப்பியதாக லிஃப்டில் என்னிடம் பெருமையாகச் சொன்னான். "பாட்டி, நீங்களும் போடுங்க, யாரும் செக் பண்ணலை" என்றான். உங்கள் 212 பெற்றோரில் நான்கு பேர் அவன்.

கேள்வியையும் பார்த்தேன். தமிழ் வகுப்பைப் பற்றிய படிவம், ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. முதல் கேள்வியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடச்சுமை அதிகமாக இருக்கும் நிலையில், வார இறுதியிலும் தமிழ் வகுப்பு தேவை என்று கருதுகிறீர்களா?" இப்படிக் கேட்டால் நானே தேவையில்லை என்றுதான் எழுதியிருப்பேன். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டு வெளியே தேடுகிற வேலை இது.

யாரைக் கேட்கிறோம் என்பதால் விடை எவ்வளவு மாறும் என்று நீங்கள் நம்பாமல் இருக்கலாம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அங் மோ கியோவில் ஒரு புளோக், என் பட்டியலில் பத்து வீடுகள். பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் நான்கு கதவுகள்தான் திறக்கும். திறப்பவர்கள் தாத்தா பாட்டிமார். வீட்டில் அதிகம் பேசும் மொழி எது என்று கேட்டால் தமிழ் வீட்டில் தமிழ் என்பார்கள், சீனர் வீட்டில் ஹொக்கியன் என்பார்கள். மீதி ஆறு வீடுகளுக்கு இரவு எட்டரைக்குப் போவேன். வேலை முடிந்து வந்த மகனோ மருமகளோ திறப்பார்கள். அந்த வீடுகளில் பெரும்பாலும் ஆங்கிலம். பிற்பகல் நான்கு வீட்டோடு நான் வேலையை முடித்துக்கொண்டிருந்தால் இந்த ஊரில் தமிழ் செழித்துக் கொழிக்கிறது என்று காகிதத்தில் வந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் பிடித்த விடையாகவும் இருந்திருக்கும்.

அதனால்தான் எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி. பட்டியலில் இருக்கும் வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டக் கூடாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் குறைந்தது மூன்று முறை அதே கதவுக்குத்தான் போக வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலாய் அம்மா. ஒருநாள் பலத்த மழை, கால்வலி வேறு. பக்கத்து வீட்டுக்காரர் தாமாகவே கதவைத் திறந்து "நான் சொல்கிறேன், எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டேன். மேற்பார்வையாளர் எப்படிக் கண்டுபிடித்தாரோ, மறுநாள் அந்தத் தாளை என் கண்முன்னே கிழித்துப் போட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. தாமாக முன்வந்து பேசுகிறவரும் மூன்று முறை தேடிப் போனால் மட்டும் கிடைக்கிறவரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. உங்கள் 212 பேரும் தாமாக முன்வந்தவர்கள். தேடிப் போய்க் கேட்டது ஒருவரைக்கூட இல்லை.

விளக்கக் கூட்டத்தில் நான் எழுந்து இதைக் கேட்டேன். செயலாளர் சிரித்துக்கொண்டே, "அம்மா, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்றார். சபையும் சிரித்தது. ஐயா, அந்தப் பழமொழி சரிதான். நான்கு பேர் சாப்பிடும் வீட்டுப் பானைக்குச் சரி. கோயில் அன்னதானத்துக்கு வந்து பாருங்கள். அண்டாவில் ஐந்நூறு பேருக்கு அரிசி வேகும்போது மேலே எடுத்த சோறு அரைவேக்காடாக இருக்கும், அடியில் பிடித்துக் கருக ஆரம்பித்திருக்கும். பெரிய துடுப்பு போட்டு அடிவரை கிளறாமல் எந்தச் சமையல்காரரும் பதம் பார்க்க மாட்டார். ஒரு சோறு போதும் என்று சொல்ல முடிவதே எல்லாம் கலந்து, ஒரே சீராக வெந்த பிறகுதான். எந்தச் சோறு கையில் வந்தாலும் வரட்டும் என்று கலந்துவிடும் அந்த வேலைக்குத்தான் புள்ளியியலில் சமவாய்ப்பு என்று பெயர். முழுத்தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதிரிக்குள் வர வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளறாத அண்டாவின் மேல்சோற்றை எடுத்துப் பதம் பார்த்துவிட்டுப் பழமொழியைத் துணைக்கு அழைப்பது பழமொழிக்கும் அநியாயம்.

அன்றைக்குப் பொருளாளர் ஒரு சமாதானம் சொன்னார்: "212 குறைவென்றால் அடுத்த முறை இரண்டாயிரம் பேரைக் கேட்போம்." எண்ணிக்கையைக் கூட்டினால் பிழை போய்விடும் என்று நினைக்கிறவர் அவர் முதல் ஆள் அல்ல. 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் அதிபர் தேர்தலுக்கு முன்னால் ஒரு கோடிப் பேருக்குப் படிவம் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். முகவரிகளைப் பெருமளவு எடுத்தது தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். பொருளாதார மந்தத்தின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்ப அக்கறைப்பட்டவர்களின் விடை மட்டும்தான் எண்ணப்பட்டது. அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ஏறக்குறைய 50,000 பேரை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். இரண்டாயிரம் பேரையும் அதே விழா வாசலில், அதே சனிக்கிழமை மாலையில் கேட்டால் அதே தவறு பத்து மடங்கு உரத்த குரலில் வரும், அவ்வளவுதான்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: "2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்த் தமிழர்களில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழ் பேசுகின்றனர்." இதைப் படித்தபோது கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தேன். 2.5 என்ற எண் உண்மை. அது எதில் 2.5 என்பதுதான் பொய். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகள் அனைவரிலும், சீனர், மலாய்க்காரர் எல்லோரையும் சேர்த்து, வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்களே ஏறக்குறைய 9 விழுக்காடுதான். அந்த ஒன்பதிலும் மலையாளிகள், பஞ்சாபிகள், குஜராத்திகள் எல்லோரும் உண்டு. நாற்பது தமிழர்களில் ஒருவர் மட்டும்தான் வீட்டில் தமிழ் பேசுகிறார் என்று சங்கத்தின் முத்திரையோடு எழுதியிருக்கிறீர்கள். விழுக்காடு என்று ஒன்றைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது "எதில்?" என்பது. தொடக்கப்பள்ளி ஐந்தில் பிள்ளைகள் படிக்கிற கணக்கு இது.

அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். ஆக அதிகமாகப் பேசும் மொழி எது என்பது கேள்வி. அப்பா அம்மாவிடம் ஆங்கிலமும் பாட்டியிடம் தமிழும் பேசுகிற பிள்ளை அந்தக் கணக்கில் ஆங்கிலத்தின் கீழ் வருவாள். அதே 2020 கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் தாய்மொழி ஒன்றையும் வீட்டில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது எல்லா இனத்தவரையும் சேர்த்த எண், தமிழர்களுக்கு மட்டும் என்று நான் திரிக்கமாட்டேன்.

வீட்டில் தமிழ் குறையவில்லை என்று நான் வாதாடவில்லை. இந்தியர்களில் வீட்டில் ஆங்கிலத்தை ஆக அதிகமாகப் பேசுவோர் 2010-இல் 41.6 விழுக்காடு, 2020-இல் 59.2. மனம் கனக்கிற எண் அது. ஆனால் வீட்டில் தமிழ் குறைகிறது என்றால் வெளியே தமிழ் வாசிக்க ஓர் அறை கூடுதலாகத் தேவை என்றல்லவா எனக்குத் தோன்றுகிறது? எண் இரண்டு பக்கமும் பேசும். எந்தப் பக்கம் பேச வைத்தீர்கள் என்பது உங்கள் தேர்வு. அதைத் தரவின் தேர்வு என்று எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் அந்தக் கணக்கெடுப்பிலிருந்து கற்றுக்கொள்ளலாம். வீட்டுமொழி போன்ற விவரங்களுக்கு 2020-இல் ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் கேட்கவில்லை. அடிப்படை விவரங்களை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ஏறக்குறைய 150,000 வீடுகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாதிரி என்பது குறையல்ல. தேர்ந்தெடுத்த விதம் ஒழுங்காக இருந்தால் ஒரு நாட்டுக்கே போதும்.

வருகைக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சராசரி வருகை 12 என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிவேட்டில் கடந்த ஆண்டு மொத்த வருகை 612. அதை 52 வாரத்தால் வகுத்தால் 12 வரும். வகுப்பு நடந்ததோ 36 வாரம். ஜூன், டிசம்பர் விடுமுறையில் பூட்டிய அறைக்கும் வருகை எடுத்திருக்கிறீர்கள். 36-ஆல் வகுத்துப் பாருங்கள், 17 வரும். அறையில் இருக்கும் நாற்காலி 20.

இனி எனக்கு ஆக அதிகமாக வலித்த இடம். "வகுப்புக்கு வந்த பிள்ளைகள், வராத பிள்ளைகளைவிடப் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதி) தமிழ்த் தேர்வில் குறைவான நிலையையே அடைந்துள்ளனர். எனவே வகுப்பால் பயனில்லை." இந்த "எனவே"யைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்று செயற்குழுவில் யாராவது வந்து பார்த்ததுண்டா? தமிழில் முதல் பரிசு வாங்குகிற பிள்ளையை யாரும் என்னிடம் அனுப்புவதில்லை. "இவனுக்கு எழுத்துக்கூட்டவே வரலை டீச்சர்" என்று கொண்டுவந்து விடுகிறார்கள். போன ஆண்டு வந்த ஒரு பெண்பிள்ளைக்கு அப்பா தமிழர், அம்மா சீனர். அவளுக்கு வீட்டில் 'ழ' சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இன்னொரு பையன் நான்கு வயதுவரை பேசவே தாமதித்தவன். இவர்களை, வீட்டில் தமிழ் நாளிதழ் வாங்குகிற குடும்பத்துப் பிள்ளைகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் என் வகுப்பு என்கிறீர்கள். டிசம்பர் மழையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். கையில் குடை வைத்திருக்கிறவர்கள்தான் வீட்டில் இருப்பவர்களைவிட அதிகம் நனைந்திருப்பார்கள். குடைதான் நனைக்கிறது என்று அறிக்கை எழுதலாமா?

நீங்கள் செய்திருப்பது நோக்கு ஆய்வு. நடந்ததை நடந்தபடி பார்த்துக் குறித்துக்கொள்வது. யார் வகுப்புக்கு வந்தார், யார் வரவில்லை என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை, வீட்டுச் சூழல் தீர்மானித்தது. அதே வீட்டுச் சூழல்தான் மதிப்பெண்ணையும் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் பின்னால் நின்று இரண்டையும் ஆட்டுகிற அந்த மூன்றாவது ஆளைக் கணக்கில் எடுக்காமல், முன்னால் தெரிகிற இரண்டில் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

நோக்கு ஆய்வு என்றாலே வீண் என்று சொல்லவில்லை. புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதை உலகுக்கு உறுதியாகச் சொன்னவை நோக்கு ஆய்வுகள்தாம். யாரையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு "நீ இருபது வருஷம் புகைபிடி" என்று சொல்ல முடியாதல்லவா? பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் முதலில் லண்டன் மருத்துவமனைகளில் நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் வைத்துப் பின்னோக்கிக் கேட்டு, 1950-இல் வெளியிட்டார்கள். அது போதாதென்று 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, ஏறக்குறைய 40,000 பேரைப் பட்டியலில் சேர்த்து, யாருக்கு என்ன ஆகிறது என்று பல பத்தாண்டுகள் முன்னோக்கித் தொடர்ந்தார்கள். வேறு காரணம் இருக்குமா, வேறு காரணம் இருக்குமா என்று தங்களையே துருவிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரிலேயே 2009-இல் கருவுற்ற தாய்மாரைச் சேர்க்கத் தொடங்கி, பிறந்த பிள்ளைகள் வளர வளர இன்றும் தொடர்கிற 'கஸ்டோ' ஆய்வு இருக்கிறது. சீன, மலாய், இந்தியக் குடும்பங்கள் மூன்றும் அதில் உண்டு. அப்படிப்பட்ட பொறுமைக்கும், ஒரு வருட மதிப்பெண்ணை எக்செல் தாளில் இரண்டு பத்தியாகப் போட்டு சராசரி எடுத்ததற்கும் ஒரே பெயர் வைக்க வேண்டாம்.

ஒன்று மற்றதற்குக் காரணமா என்று நேராகத் தெரிய வேண்டுமானால் வழி இருக்கிறது. இந்த ஊர்ப் பெற்றோருக்கு அது புதிதும் அல்ல. பிள்ளைக்குக் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகிறது என்று கண் மருத்துவரிடம் போனால் அட்ரோபின் சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அந்த மருந்தை இங்கேதான் சிங்கப்பூரில் 6 முதல் 12 வயதுவரையுள்ள 400 பிள்ளைகளை வைத்துச் சோதித்து, முடிவை 2006-இல் வெளியிட்டார்கள். யாருக்கு மருந்துச் சொட்டு, யாருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு என்பதைப் பெற்றோரும் தீர்மானிக்கவில்லை, மருத்துவரும் தீர்மானிக்கவில்லை. சமவாய்ப்பு முறைதான் தீர்மானித்தது. அப்படிப் பிரித்ததால், வாசிப்புப் பழக்கம், பெற்றோரின் கண்பார்வை, விளையாடும் நேரம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் போய்ச் சேர்ந்துவிடும். நமக்குத் தெரியாத காரணங்களும்கூட. பிறகு பார்வையில் வித்தியாசம் தெரிந்தால் பழியோ புகழோ மருந்துக்குத்தான்.

வகுப்புக்கு அப்படி ஒரு சோதனை நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். ஏனென்றால் யாருக்கும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் அந்த வகுப்புக்கு இந்த ஆண்டு 31 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் 20. மீதி 11 பேர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஜனவரியிலேயே உங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்றுதான் இதுவரை சேர்த்தோம். அதிலும் அக்கறையுள்ள வீடுதான் முந்தும். இனி குலுக்கிப் போடலாம். தொடக்கப்பள்ளி ஒன்றில் சேர்க்கவும் குலுக்கல், அரசாங்கம் கட்டி விற்கும் பிடிஓ வீட்டுக்கும் குலுக்கல் என்று பழகிப்போன ஊர் இது. இதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள். சீட்டு விழுந்தவர்கள் முதல் அரையாண்டு வரட்டும், விழாதவர்கள் இரண்டாம் அரையாண்டு வரட்டும், யாருக்கும் நட்டமில்லை. ஜூனில் இரண்டு குழுவையும் ஒரே பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, யார் எந்தக் குழு என்று தெரியாத ஓர் ஆசிரியர் குறித்துக்கொள்ளட்டும்.

31 பிள்ளைகள் மிகக் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். அவ்வளவு சிறிய கூட்டத்தில் வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், சிறிய முன்னேற்றம் தற்செயலோடு கலந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். முடிவு எனக்கு எதிராகவும் வரலாம். ஒன்பது ஆண்டு உழைப்பு பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று வந்தால் அதை நானே சபையில் எழுந்து படிப்பேன்.

நான் கேட்பது இவை. "தரவு தெளிவாகக் காட்டுகிறது" என்ற வாக்கியத்தையும் 2.5 விழுக்காடு பற்றிய வாக்கியத்தையும் திரும்பப் பெறுங்கள். அறிக்கை எந்த வாட்ஸ்அப் குழுக்களில் போனதோ அதே குழுக்களில் திருத்தமும் போக வேண்டும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா மேடைகளில் யாராவது அந்த 2.5-ஐ எடுத்துப் பேசிவிட்டால் அதற்குப் பிறகு திருத்தி முடியாது.

படிவத்தின் கேள்விகள் அனைத்தையும், பெயரும் கைப்பேசி எண்ணும் நீக்கிய 212 விடைகளையும் உறுப்பினர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் 640 குடும்பங்கள் இருப்பதாக ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சொன்னீர்கள். ஒன்று முதல் எட்டுவரை எழுதிய சீட்டுகளில் ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் எடுங்கள். அந்த எண்ணில் தொடங்கி ஒவ்வொரு எட்டாவது குடும்பமாக 80 குடும்பங்களைத் தேர்ந்தெடுப்போம். கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், "பாடச்சுமை" என்ற முன்னுரை இல்லாமல். வரும் விடை ஏறக்குறைய 10 விழுக்காடு அப்படி இப்படி இருக்கலாம் என்பதையும் சேர்த்தே அறிவிப்போம். வீடு வீடாக நான் போகிறேன். செங்காங்கானாலும் சரி, ஜூரோங் வெஸ்டானாலும் சரி, பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போகிறேன். வகுப்பு நடத்துகிறவளே கேட்டால் சாய்வு வரும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமான சந்தேகம்தான். செயற்குழுவிலிருந்து ஒருவரைக் கூட அனுப்புங்கள், அவர் கேட்கட்டும், நான் வழி காட்டுகிறேன்.

அந்த விடைகள் வரும்வரை, குறைந்தது டிசம்பர் வரையாவது, வகுப்பு அதே அறையில் நடக்க அனுமதியுங்கள். ஜனவரிச் சேர்க்கையைக் குலுக்கல் முறையில் நடத்த எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள்.

அறைச் சாவியை 30-ஆம் தேதி ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை நான்கரைக்கு வழக்கம்போல் வகுப்பு உண்டு. பதிலை அங்கே கொண்டுவந்து கொடுங்கள், பெற்றோரும் வெளியே நாற்காலிகளில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு வகுப்பின் தொண்டூழிய ஆசிரியை